டொமினிக்காவில் கப்பல் ஒரு நாள் நிற்கிறது, அப்பா இறங்க மாட்டேன் என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

கடைமடைக்காரன் (ஜனவரி 2019)

வணக்கம். ஊர் பேராவூரணி பக்கம், வேலை அட்லாண்டாவில். அப்பா அம்மா டிசம்பரில் இங்கே வந்திருக்கிறார்கள். பிப்ரவரியில் புளோரிடாவிலிருந்து கிளம்பும் பத்து நாள் கப்பல் பயணத்துக்குப் போன ஜூலையிலேயே பணம் கட்டிவிட்டேன். அதில் ஒரு நாள் டொமினிக்கா தீவு, ரோசோ துறைமுகம், காலை 8 மணிக்கு இறங்கினால் மாலை நாலரைக்குள் ஏறிவிட வேண்டும். (டொமினிக்கன் ரிபப்ளிக் வேறு நாடு, இது அதைவிட மிகச் சின்னது, எழுபதாயிரம் பேர்தான் இருக்கிறார்கள்.)

சிக்கல் என்னவென்றால், நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு போய்விட்டது. மூன்று ஏக்கரில் எட்டு மரம்தான் நிற்கிறது. மாட்டுக்கொட்டகையின் தகரம் பக்கத்து வயலில் கிடந்தது. அப்பாவைக் கொஞ்சம் மனம் மாறட்டும் என்றுதான் கூட்டிக்கொண்டு வந்தேன். இப்போது இந்தத் தீவும் 2017 செப்டம்பரில் மரியா புயலில் அடிபட்டது என்று தெரிந்ததும், "விழுந்து கிடக்கிற ஊரைப் போய் வேடிக்கை பார்க்கணுமா, நான் கப்பலிலேயே இருக்கிறேன், நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்கிறார். அவர் சொல்வது தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை.

உண்மையில் அங்கே இப்போது நிலைமை என்ன, சாலை சரியாகிவிட்டதா, எது திறந்திருக்கிறது? அம்மாவுக்கு முழங்கால் வலி, படி அதிகம் ஏற முடியாது, சுத்த சைவம் வேறு. பையனுக்கு ஏழு வயது. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தலைக்கு எக்கச்சக்க விலை. இறங்கலாமா, வேண்டாமா?

கப்பல்_பித்தன்

நான் போன நவம்பரில் போனேன். வயதானவர்கள் என்றால் இறங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். வெள்ளை மணல் கடற்கரை எதிர்பார்த்தால் ரோசோ பக்கம் கிடையாது, பெரும்பாலும் கருப்பு மணலும் கூழாங்கல்லும்தான். மலைச் சாலை முழுக்க வளைவு, சில இடத்தில் ஒரு வண்டி மட்டும் போகும் தற்காலிகப் பாலம். என் மாமியாருக்கு வாந்தி வந்து பாதியில் திரும்பினோம். இன்னும் நிறைய வீட்டுக் கூரையில் நீலத் தார்ப்பாய்தான். உங்கள் அப்பா இருக்கும் மனநிலையில் அதைப் பார்த்தால் சங்கடப்படுவார்.

போர்ட்ஸ்மவுத்_டாக்டர்

தம்பி, கப்பல்_பித்தன் சொன்ன சாலையும் தார்ப்பாயும் உண்மைதான், ஆனால் இறங்காதீர்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் அந்தத் தீவில், வடக்கே போர்ட்ஸ்மவுத்தில் மருத்துவம் படித்தேன், மரியா அடித்த செப்டம்பர் 18 இரவு அங்கேதான் இருந்தேன். ஐந்தாம் வகைப் புயல், அதற்கு மேல் வகையே கிடையாது. பிரதமரே தன் வீட்டுக் கூரை போய்விட்டது என்று முகநூலில் எழுதினார், அப்புறம் அவரையே மீட்க வேண்டியிருந்தது. விடிந்து பார்த்தால் மலையில் ஒரு இலை கிடையாது, தீப்பிடித்து எரிந்த காடு மாதிரி பழுப்பாக நின்றது. அதை நினைத்தால் இன்னும் எனக்கு வயிற்றைப் பிசையும். தீவில் பத்தில் ஒன்பது வீட்டுக்கு மேல் கூரை சேதம். ஒரு வருட நாட்டு வருமானத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான இழப்பு என்று கணக்குப் போட்டார்கள்.

எங்களைப் படகில் செயின்ட் லூசியாவுக்கு ஏற்றி அனுப்பினார்கள், கல்லூரி திரும்பி வரவே இல்லை, இப்போது பார்படாஸுக்கு மாறிவிட்டது. மாணவர்களை நம்பிக் கடன் வாங்கி வீடு கட்டி வாடகைக்கு விட்டவர்கள், சமைத்துக் கொடுத்த அக்காமார்கள், எல்லோருக்கும் அந்த வருமானம் ஒரே நாளில் நின்றது. வாழைத்தோட்டமும் விழுந்துவிட்டது. மிச்சம் இருக்கும் வரும்படியில் முக்கியமானது கப்பல்தான். கப்பல் கரையில் நின்றும் யாரும் இறங்கவில்லை என்றால் அவர்களுக்கு என்ன பிரயோஜனம்? அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

இடம் சொல்கிறேன். நாலரைக்கு ஏற வேண்டுமென்றால் மூன்று மணிக்குத் துறைமுகத்தில் இருக்கிற மாதிரி கிளம்புங்கள், மழை பெய்தால் மலைச் சாலையில் மண் சரியும். தீவு நேரம் குளிர்காலத்தில் புளோரிடாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் போகும், கப்பல் எந்த நேரத்தை வைத்திருக்கிறது என்று முந்தின இரவே கேட்டு எல்லோர் கடிகாரத்தையும் அதற்கு வையுங்கள், கைப்பேசி தானாக மாறிக் குழப்பும்.

ரோசோவில் கப்பல் ஊருக்கு நடுவிலேயே நிற்கும், வாசலைத் தாண்டினால் கடைவீதி. வாசலில் டாக்ஸி ஓட்டுநர்கள் இருப்பார்கள், நம்பர் பிளேட் ஹெச் என்று தொடங்கும் வண்டி மட்டும் எடுங்கள், அதுதான் வாடகைக்குப் பதிந்த வண்டி. ஏறும் முன்பே விலை பேசி, அது ஒரு ஆளுக்கா மொத்த வண்டிக்கா, அமெரிக்க டாலரா கிழக்குக் கரீபியன் டாலரா என்று வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்யுங்கள். ஒரு அமெரிக்க டாலர் அங்கே 2.70. சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான்.

முதலில் தாவரவியல் பூங்கா, மலை ஏறும் முன் பக்கத்திலேயே இருக்கிறது. அப்புறம் டிரஃபால்கர் அருவி. இரண்டு அருவி பக்கத்தில் பக்கத்தில் விழும், உயரமானதை அப்பா என்றும் குட்டையானதை அம்மா என்றும் அவர்களே கூப்பிடுகிறார்கள், உங்கள் வீட்டுக்குப் பொருத்தம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து பார்வை மேடைக்கு மெதுவாக நடந்தால் கால் மணி நேரம், அம்மா கைத்தடியோடு போகலாம். மேடைக்கு அந்தப் பக்கம் பாறை மேல் யாரும் இறங்க வேண்டாம், வழுக்கும். நுழைவுக்கு வெளிநாட்டவருக்கு ஐந்து அமெரிக்க டாலர். திரும்பும் வழியில் வாட்டன் வேவன் கிராமத்தில் கந்தக வெந்நீர்க் குளம் இருக்கிறது, முழங்காலுக்கு நல்ல சுகம், ஆனால் ரத்த அழுத்தம் இருந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அம்மாவின் வெள்ளி மெட்டி, கொலுசைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள், கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். இவ்வளவு போதும், நாளுக்கு மூன்று இடம்.

ஆற்றில் பையன் காலை நனைத்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் திடீரென்று பழுப்பாக மாறினால் உடனே கரையேறுங்கள். மேலே மலையில் மழை கொட்டியிருக்கும், வெள்ளம் நிமிடத்தில் வரும்.

மாமி_சமையல்

சாப்பாட்டுக்கு நான் சொல்றேன், நாங்களும் சுத்த சைவம்தான். அங்கே ராஸ்டஃபாரி என்ற சமயத்தைச் சேர்ந்த மக்கள் இருக்கிறார்கள், அவர்கள் சாப்பாட்டுக்கு ஐட்டல் என்று பெயர், பெரும்பாலும் இறைச்சி, மீன் எதுவும் சேராது, உப்புகூடக் குறைவு. ஐட்டல் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று ஓட்டுநரைக் கேட்டால் கூட்டிப்போவார். தாஷீன் என்று ஒரு கிழங்கு வைப்பார்கள், அது நம்ம சேப்பங்கிழங்கு ஜாதிதான், கூடவே ஈரப்பலாக்காய், வாழைக்காய், பருப்பு. அம்மாவுக்கு வீட்டு ஞாபகம் வரும். கல்லலூ சூப் மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள், பச்சையாகக் கீரை மாதிரி இருக்கும், ஆனால் நண்டு போட்டிருப்பார்கள்.

அப்புறம் முக்கியமானது, பையனுக்கு ராணுவப் புள்ளி போட்ட டிரவுசர், தொப்பி எதுவும் வேண்டாம். அந்த நாட்டில் பொதுமக்கள் அந்த மாதிரி துணி போடுவது சட்டப்படி தடை, குழந்தைதானே என்று நாம் நினைப்போம், எதற்கு வம்பு.

கடைமடைக்காரன்

ரொம்ப நன்றி அக்கா, நன்றி மாமி. (அந்த டிரவுசர் ஒன்று பெட்டியில் இருந்தது, எடுத்துவிட்டேன்.) நீங்கள் எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, "தேங்காய் உண்டா அங்கே" என்று மட்டும் கேட்டார். இன்னொரு சந்தேகம், ஏதாவது உதவியாகக் கொடுக்க வேண்டுமென்றால் துணி, பிஸ்கட் எடுத்துக்கொண்டு போகலாமா?

நெய்வாசல்_காரி

கஜாவுக்குப் பிறகு நம் பக்கம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். காரை நிறுத்தாமலே ஜன்னல் வழியே பொட்டலத்தை வீசிவிட்டுப் போனவர்களும் உண்டு, உட்கார்ந்து பேசி, எங்கள் பெட்டிக்கடையில் காசு கொடுத்துச் சாமான் வாங்கி அதையே பிரித்துக் கொடுத்தவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது ஆட்கள் முகம்தான் ஞாபகம் இருக்கிறது. அதனால் எதுவும் தூக்கிப் போகாதீர்கள், அங்கேயே வாங்குங்கள். உடைந்த வீட்டைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

போர்ட்ஸ்மவுத்_டாக்டர்

அதேதான். கொக்கோ உருண்டை, ஜாதிக்காய், பட்டை, கலினாகோ பழங்குடியினர் நாணலில் முடையும் கூடை, இதெல்லாம் அவர்கள் கையால் செய்வது. ஒன்று, ஐந்து டாலர் சில்லறையாக நிறைய வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் உண்டு, அப்பாவிடம் சொல்லுங்கள்.

கடைமடைக்காரன் (மார்ச் 2019)

போய் வந்துவிட்டோம், அடுத்து போகிறவர்களுக்காக எழுதுகிறேன். அப்பாவும் இறங்கினார்.

வாசலில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு ஓட்டுநர், நாலு மணி நேரம், ஐந்து பேருக்கும் சேர்த்து 130 அமெரிக்க டாலர் என்று பேசிக்கொண்டோம். அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்தார், வாந்தி வரவில்லை. பூங்காவில் ஒரு பொந்தன்புளி மரம் மஞ்சள் பஸ் ஒன்றை நசுக்கிக்கொண்டு கிடக்கிறது. 1979 டேவிட் புயலில் விழுந்ததாம், உள்ளே யாரும் இல்லை. பஸ்ஸை எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், மரம் அதன் மேலேயே துளிர்த்து வளர்ந்துவிட்டது. அப்பா ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். மலையெல்லாம் இப்போது பச்சைதான், ஆனால் கிட்டே போனால் தெரிகிறது, பெரிய மரங்கள் தலை முறிந்து கம்பம் மாதிரி நிற்கின்றன, அதைச் சுற்றிக் கொடி படர்ந்திருக்கிறது.

அருவி மேடை வரை அம்மா நடந்தார், நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தோம். வெந்நீர்க் குளத்தை விட்டு வர மனமே இல்லை அவருக்கு.

திரும்பும் வழியில் ஓட்டுநர் தன் வீட்டு வாசலில் நிறுத்தி எங்கள் எல்லோருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். அப்பா என்னைவிட்டுக் கேட்கச் சொன்னார், எத்தனை மரம் போச்சு என்று. அவர் பதினொன்று என்றார், பிறகு "வாழை ஒரு வருடத்தில் வந்துவிட்டது, தென்னைக்கு என் பேரன்தான் ஏற வேண்டும்" என்றார். நான் மொழிபெயர்க்கும் முன்பே அப்பா தலையாட்டினார், எப்படிப் புரிந்ததோ. அப்புறம் ஓட்டுநர் தன் புதுக் கூரையைக் காட்டினார். ஒவ்வொரு உத்திரமும் சுவரோடு சேரும் இடத்தில் வளைந்த ஒரு இரும்புப் பட்டை, இரண்டு பக்கமும் ஆணி அடித்து இறுக்கியிருக்கிறது. தகரத்துக்கு ஆணிக்குப் பதில் திருகு, ஓரத்தில் இன்னும் நெருக்கமாக. பழைய கூரையில் இது இல்லாததால் காற்று உள்ளே புகுந்து மொத்தமாகத் தூக்கிவிட்டது என்றார். அப்பா நாற்காலி போட்டு ஏறி, அவரிடம் கேட்டு, கைப்பேசியில் எட்டுப் படம் எடுத்தார். கப்பலுக்கு வந்த பிறகும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது என் சந்தேகம் வேறு. அப்பா ஏப்ரலில் ஊர் திரும்புகிறார், மாட்டுக்கொட்டகையை அந்த மாதிரி கட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அந்தப் பட்டை நம் பக்கம் கிடைக்குமா? இங்கிருந்து வாங்கி அனுப்பவா?

நெய்வாசல்_காரி

வாங்கி அனுப்ப வேண்டாம். எந்த வெல்டிங் பட்டறையிலும் படத்தைக் காட்டினால் துத்தநாகப் பூச்சு போட்ட பட்டை இரும்பில் வளைத்து ஓட்டை போட்டுத் தருவார்கள். கொட்டகைக்கு இரும்புக் குழாய் போட்டிருந்தால் இது தேவையில்லை, தகரத்துக்கு ஜே போல்ட் (ஜே எழுத்து மாதிரி வளைந்த போல்ட்) நெருக்கமாகப் போட்டு, தூணை நல்ல ஆழத்துக்குக் கான்கிரீட்டில் இறக்கினால் போதும். மரச்சட்டம் என்றால்தான் பட்டை. எது என்று அப்பாவைக் கேட்டு எழுதுங்கள்.

கடைமடைக்காரன்

மரச்சட்டம்தான். விழுந்த தென்னையையே அறுத்து வைத்திருக்கிறார்.