புதுப்பிப்பு: 7 டிகிரி தண்ணீர் 14 காட்டிய கதை, தீர்ந்தது

போன வாரம் எழுதியிருந்தேனே, சிங்கப்பூர் துவாஸில் நான் பார்க்கும் பிளான்ட்டில் சில்டு வாட்டர் (குளிர்நீர்) லைனுக்குப் புது டிரான்ஸ்மிட்டர் (சென்சார் அளவை மில்லிஆம்ப் சிக்னலாக மாற்றி அனுப்பும் கருவி) மாட்டியதிலிருந்து 7 டிகிரி தண்ணீரை 14 என்று காட்டுகிறது என்று, அதற்கு விடை கிடைத்துவிட்டது. சென்சார் மேல் தப்பே இல்லை.

ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் பிடி100-இன் (வெப்பநிலைக்கு ஏற்ப மின்தடை மாறும் சென்சார்; இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை என மூன்று வயர்) இரண்டு சிவப்பு வயர்களில் ஒன்று டேப் சுற்றி மடக்கி வைக்கப்பட்டிருந்தது, அந்தப் பக்கம் டிரான்ஸ்மிட்டரில் 2 வயர் என்று செட் செய்து ஜம்பர் (இரண்டு டெர்மினலை இணைக்கும் சின்ன வயர்) போட்டிருந்தார்கள். அப்படிச் செய்தால் கேபிளின் தடையும் சென்சாரின் தடையோடு சேர்ந்துவிடும். 40 மீட்டர் கேபிள், 0.5 சதுர மில்லிமீட்டர், போய்வர 2.8 ஓம். பிடி100-க்கு ஒரு டிகிரி என்பது சுமார் 0.39 ஓம்தான், அந்த 7 டிகிரி அப்படியே கணக்கில் வந்துவிடுகிறது பாருங்கள்!

மடக்கிய வயரை இழுத்து பேனல் வரை கொண்டுவந்து, ஜம்பரை எடுத்துவிட்டு, சாஃப்ட்வேரில் 3 வயர் என்று மாற்றினேன்; மூன்றாவது வயர் இருந்தால் கேபிளின் தடையை டிரான்ஸ்மிட்டரே கழித்துவிடும். அப்புறம் மீட்டர் வைத்தேன்: சிவப்புக்கும் சிவப்புக்கும் 2.8, சிவப்புக்கும் வெள்ளைக்கும் 105.5. கழித்தால் 102.7, சரியாக 7 டிகிரி. ரேஞ்ச் 0 முதல் 50 டிகிரி, அது 4 முதல் 20 மில்லிஆம்பாக வரும் என்பதால் அவுட்புட் 6.24 மில்லிஆம்ப், அதுவும் பொருந்துகிறது.

முதலில் கேபிளை அளந்து பார் என்று சொன்ன அண்ணனுக்கு மிகவும் நன்றி. நாளை மற்ற ஆறு பாக்ஸையும் திறந்து பார்க்கப் போகிறேன்.