முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் ஒரு கம்பெனி டயர்: வண்டி விழுமா?

பழைய பல்சர்:
நேற்று வேறொரு இழையில் கொல்லிமலை ரைடர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் எழுதியது இது: "முன் டயர் ஒரு கம்பெனி, பின் டயர் ஒரு கம்பெனி என்றால் அந்த வண்டியை ரோட்டில் எடுக்கவே கூடாது. மழையில் நிச்சயம் விழுவீர்கள்."

நிச்சயமாம்! பெங்களூர் மடிவாளா சிக்னலில் நிற்கும் வண்டிகளை ஒரு நாள் குனிந்து பாருங்கள். எத்தனை வண்டியில் இரண்டு டயரும் ஒரே கம்பெனி? பின் டயர்தான் சீக்கிரம் தேயும், இழுக்கிற வேலை முழுவதும் அதற்குத்தான். பின்னால் மொட்டையாகும்போது டயர் மேல் கட்டம் கட்டமாக இருக்கிற பட்டன் முன்னால் பாதியாவது மிச்சம் இருக்கும். அந்த நல்ல டயரைக் கழற்றி எறிந்துவிட்டு ஜோடியாக வாங்கு என்று மாதச் சம்பளக்காரனிடம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

என் பல்சர் 150-இல் பின் டயர் 100/90-17. வேறு கம்பெனி போட்டாலும் அதே அளவு, தாங்கும் எடையைக் குறிக்கிற அதே எண், வேகத்தைக் குறிக்கிற அதே எழுத்து. அதற்கு மேல் பக்கவாட்டில் யார் பெயர் இருந்தால் என்ன? இன்னொன்று. யமஹா எஃப்இசட் வண்டியில் கம்பெனியே முன்னால் 100/80-17 போடுகிறது, பின்னால் 140/60-ஆர்17 போடுகிறது. அந்த ஆர் என்றால் ரேடியல். முன்னால் சாதா பயாஸ். ரேடியலில் உள்ளே நூல் நேர்க்குறுக்காக ஓடும், பயாஸில் சாய்வாக ஓடும். தயாரிப்பாளரே இரண்டு ரகத்தைக் கலந்து விற்கிறார். பெயர் மாறினால் மட்டும் விழுந்துவிடுவோமா?

கொல்லிமலை ரைடர்:
வணக்கம் பல்சர் சார். செயின் எண்ணெய் விவாதத்தில் பேசியது போதவில்லை போலிருக்கிறது, அந்தக் கணக்கை இங்கே தீர்க்க வந்திருக்கிறீர்கள்.

எஃப்இசட்டில் இருப்பது தயாரிப்பாளர் சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஜோடி. நீங்கள் போடுவது கடையில் கையில் கிடைத்தது. இரண்டும் ஒன்றா? மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். தரையைத் தொடுகிற தலைப்பகுதியின் வளைவு டயருக்கு டயர் ஒவ்வொரு மாதிரி. முன் டயர் கூர்மையாக இருந்து பின் டயர் தட்டையாக இருந்தால் சாய்க்கும்போது முன்பக்கம் சட்டென்று விழும், பின்பக்கம் தயங்கும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. அதில் ஏறி இறங்கியவனுக்கு இது உடம்பில் தெரியும். சிக்னலுக்குச் சிக்னல் கால் ஊன்றுகிறவர்களுக்குத் தெரியாது.

பழைய பல்சர்:
ஆக, ரகம் கலக்கலாம், பெயர் கலக்கக் கூடாது. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. எஃப்இசட்டில் அந்த ஆர் எழுத்து பின்னால் மட்டும் இருக்கிறதா, இல்லையா?

யூனிகார்ன் தம்பி:
அண்ணன்களுக்கு வணக்கம். என் வண்டி யூனிகார்ன், பின்னால் 100/90-18. கே.ஆர். புரத்திலிருந்து ஒயிட்ஃபீல்டு போய் வருகிறேன். பின் டயர் மட்டும் மாற்ற வேண்டும். முன்னால் எம்ஆர்எஃப் இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது. பின்னால் சியட் அல்லது யூரோகிரிப் போடலாமா?

மதுரை மாமா:
யோசிக்கவே வேண்டாம் தம்பி, யூரோகிரிப். நம்ம மதுரைச் சரக்கு. அதைச் செய்கிற டிவிஎஸ் ஸ்ரீசக்ரா 1982-இல் ஆரம்பித்த கம்பெனி, வெள்ளரிப்பட்டியில் ஆலை இருக்கிறது. மேலூர் ரோட்டில் போகிற எவருக்கும் தெரியும். சிஎஸ்கே சட்டையில் பெயரைப் பார்த்திருப்பீர்கள்.

கொல்லிமலை ரைடர்:
சட்டையில் பெயர் இருந்தால் மழையில் பிடிக்குமா மாமா? எம்ஆர்எஃப்பும் நம்ம ஊர்தான். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்து ஆரம்பித்தவர்கள். நீங்கள் பிறப்பதற்கு முன்பே ரப்பரோடு மல்லுக்கட்டியவர்கள். முன்னால் எம்ஆர்எஃப் என்றால் பின்னாலும் எம்ஆர்எஃப். முடிந்தது.

மதுரை மாமா:
பலூன் செய்ததைப் பெருமையாகச் சொல்கிறீர்களே, டயரைப் பற்றிச் சொல்லுங்கள். அப்புறம், நான் பிறந்த வருடத்தை இங்கே யார் கேட்டார்கள்?

டயர் கடை, கலாசிபாளையம்:
பேச்சு எங்கேயோ போகிறது. கடையில் தினமும் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். வண்டி வழுக்குகிறது என்று வருகிறவர்களிடம் முதலில் கம்பெனியைக் கேட்பதில்லை, காற்றைத்தான் பார்க்கிறேன். இரண்டாவது, தேதி. பக்கவாட்டில் சின்னக் கட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 3224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். மலிவாகக் கிடைத்தது என்று பழைய சரக்கை வாங்கி மாட்டினால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ரப்பர் இறுகித்தான் இருக்கும். மூன்றாவது, டயர் சுழல வேண்டிய திசையைக் காட்டுகிற சைடு அம்புக்குறி. அதைத் திருப்பிப் போட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பட்டனுக்கு நடுவே சின்ன மேடு மாதிரி அடையாளம் இருக்கும். தேய்ந்து அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். நம் சட்டப்படி இரு சக்கர வண்டிக்குக் குறைந்தது 0.8 மி.மீ. ஆழம் வேண்டும். அதுவரை இழுத்தடிக்க வேண்டாம் என்பது என் எண்ணம், வாடிக்கையாளர் கேட்பதில்லை.

பழைய பல்சர்:
கடைக்காரரே கம்பெனியைப் பார்ப்பதில்லை என்கிறார். கொல்லிமலையார் இதைக் கவனிக்க வேண்டும்.

கொல்லிமலை ரைடர்:
கடைக்காரருக்கு எது விற்றாலும் லாபம். ஒற்றை டயர் விற்றாலும் லாபம், ஜோடி விற்றாலும் லாபம்.

டயர் கடை, கலாசிபாளையம்:
ஜோடி விற்றால்தான் எனக்கு இரட்டை லாபம் சார். அப்படி இருந்தும் ஒற்றை போதும் என்கிறேன். உங்கள் கணக்கு எப்படி வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. காலையிலிருந்து ரப்பர் பொடியில் நிற்கிறவனைத் திருடன் மாதிரி பேசாதீர்கள்.

சில்க்போர்டு சாமி:
கடைப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். பெங்களூரில் வாங்காதீர்கள், மாநில எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளி தாண்டி ஓசூரில் வாங்குங்கள். அங்கே வரி குறைவு.

டயர் கடை, கலாசிபாளையம்:
எந்த வரி? ஜிஎஸ்டி இரண்டு மாநிலத்திலும் ஒன்றுதான். 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பரில் 18 ஆனது. அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமும் அதே 18, அந்தப் பக்கமும் அதே 18. போய் வருகிற பெட்ரோலுக்காவது கணக்குப் போடுங்கள்.

சில்க்போர்டு சாமி:
நான் வாங்கினேன், குறைவாகத்தான் இருந்தது. நீங்கள் எவ்வளவு சேர்த்து விற்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன்.

பழைய பல்சர்:
வரிப் பேச்சை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். எஃப்இசட் கேள்வி அப்படியே நிற்கிறது. முன்னால் பயாஸ், பின்னால் ரேடியல், கம்பெனியே போட்டது. 2008-இல் வந்த முதல் எஃப்இசட்டிலேயே பின்னால் 140/60-ஆர்17 தான். இத்தனை வருடமாக இத்தனை பேர் ஓட்டுகிறார்கள். கலந்தால் விழும் என்றால் அவர்கள் எல்லோரும் எப்போதோ விழுந்திருக்க வேண்டும். ஒருவராவது பதில் சொல்லுங்கள்.

டியூக் ஓட்டுநர், பனசங்கரி:
சொல்கிறேன். பின்னால் ரேடியல், முன்னால் பயாஸ் என்பது ஒத்துக்கொண்ட முறை. தலைகீழாகத்தான் கூடாது. என் டியூக் 200-இல் முன்னால் 110/70-ஆர்17, பின்னால் 150/60-ஆர்17, இரண்டும் ரேடியல். காசு மிச்சம் என்று பின்னால் பயாஸ் போட்டால் முன்னால் ரேடியலும் பின்னால் பயாஸுமாகிவிடும். அதைச் செய்யாதே என்றுதான் டயர் செய்கிறவர்கள் சொல்கிறார்கள். இது ரகத்தைப் பற்றிய விஷயம், கம்பெனிப் பெயரைப் பற்றியது இல்லை. நீங்கள் இருவரும் இரண்டையும் சேர்த்துக் குழப்புகிறீர்கள்.

பழைய பல்சர்:
பார்த்தீர்களா! ஒத்துக்கொண்ட முறை என்று இவரே சொல்லிவிட்டார். அந்த ஆர் எழுத்து என் பக்கம்.

கொல்லிமலை ரைடர்:
என்ன பார்த்தீர்களா? டயர் செய்கிறவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்கிறார் அவர். அவர்கள் முன், பின் இரண்டையும் ஜோடியாகத்தான் வடிவமைக்கிறார்கள், ஜோடியாகத்தான் சோதிக்கிறார்கள். ஒரே ரப்பர் கலவை, ஒன்றுக்கொன்று பொருந்துகிற வளைவு. அதையும் கேளுங்கள். பாதியை மட்டும் கேட்பது உங்கள் பழக்கம், செயின் எண்ணெயிலும் அதைத்தான் செய்தீர்கள்.

டியூக் ஓட்டுநர், பனசங்கரி:
நான் யார் பக்கமும் இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். நம் ஊரில் ஹோசூர் ரோடு, அவுட்டர் ரிங் ரோடு என்று நேராகவே ஓட்டி ஓட்டிப் பின் டயர் நடுவில் தட்டையாகிவிடுகிறது. அப்படித் தேய்ந்ததை வைத்துக்கொண்டு முன்னால் மட்டும் புதிது மாட்டினால் வளைவில் வண்டி மக்கர் பண்ணும். இரண்டும் ஒரே கம்பெனியாக இருந்தாலும் பண்ணும். ஒயிட் டாப்பிங் போட்ட கான்கிரீட் ரோட்டில் நீளக் கோடு இருக்கும் இடத்தில் இன்னும் நன்றாகத் தெரியும்.

கொல்லிமலை ரைடர்:
அது தேய்மானம். நான் பேசுவது கலப்பு.

பழைய பல்சர்:
நான் பேசுவதும் கலப்புதான். யமஹா செய்த கலப்பு.

யூனிகார்ன் தம்பி:
அண்ணே, என் டயர் கேள்வி...

மதுரை மாமா:
யூரோகிரிப் என்று சொல்லியாகிவிட்டதே தம்பி.

கொல்லிமலை ரைடர்:
எம்ஆர்எஃப். முன்னால் என்ன இருக்கிறதோ அதுவே. முடிந்தால் இரண்டையும் மாற்று. உயிர் ஒன்றுதான்.

டயர் கடை, கலாசிபாளையம்:
தம்பி, 100/90-18 இரண்டு கம்பெனியிலும் கிடைக்கும். எதை எடுத்தாலும் தேதி பார்த்து வாங்குங்கள். புது டயர் மேல் வழவழப்பு இருக்கும், முதல் 150 கிலோமீட்டராவது மெதுவாக ஓட்டுங்கள், அதிகம் சாய்க்காதீர்கள். மாற்றின மறுநாளே மழையில் பிரேக் அடித்து விழுந்துவிட்டுக் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் நிறைய.

பழைய பல்சர்:
இதைத்தான் சொல்கிறேன்! புது டயரில் விழுந்தவன்தான் "கலந்து போட்டேன், விழுந்துவிட்டேன்" என்று கதை கட்டுகிறான். கொல்லிமலையார் கேள்விப்பட்டதும் அப்படிப்பட்ட கதையாகத்தான் இருக்கும்.

கொல்லிமலை ரைடர்:
கேள்விப்பட்ட கதை இல்லை. என்னோடு வந்த நண்பர் ஏற்காடு இறக்கத்தில் விழுந்ததை நேரில் பார்த்தேன். முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் வேறு. லேசான தூறல். பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. முழங்கை எலும்பு விரிசல். அதற்குப் பிறகும் நான் சும்மா இருக்க வேண்டுமா?

பழைய பல்சர்:
உங்கள் நண்பருக்கு அடிபட்டதற்கு வருத்தப்படுகிறேன். காற்று எவ்வளவு இருந்தது? டயருக்கு வயது என்ன? எந்த வேகம்? இது எதையும் சொல்லாமல் பெயர் வேறு, அதனால் விழுந்தார் என்றால் எப்படி? ஒரே கம்பெனி போட்டு அந்த இறக்கத்தில் யாரும் விழுந்ததில்லையா?

கொல்லிமலை ரைடர்:
ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு காற்று அளந்து பார்க்கவில்லை சார். நீங்களாக இருந்தால் அளந்திருப்பீர்கள்.

சில்க்போர்டு சாமி:
ஓசூர் ரசீதைத் தேடி எடுத்துவிட்டேன், நாளை படம் போடுகிறேன். கடைக்காரர் தயாராக இருக்கட்டும்.

டயர் கடை, கலாசிபாளையம்:
போடுங்கள். அதில் வரி எத்தனை சதவீதம் என்று இருக்கிற இடத்தை மறைக்காமல் போடுங்கள்.

பழைய பல்சர்:
கொல்லிமலையாருக்கு மறுபடி கேட்கிறேன். எஃப்இசட், பின்னால் 140/60-ஆர்17, முன்னால் ஆர் இல்லை. ஆம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, ஒரு வரி போதும்.

கொல்லிமலை ரைடர்:
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் ஒரு வரியும் இல்லை. நான் சொன்னது மேலே இருக்கிறது.

பழைய பல்சர்:
மேலே தேடிவிட்டேன், இல்லை. நாளை காலை வந்து மறுபடி கேட்பேன்.