ஈர நெல்லை அடிமாட்டு விலைக்குக் கொடுப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

கேள்வி:
திருவாரூர் மாவட்டத்தில் ஆறு மா (ஏறக்குறைய இரண்டு ஏக்கர்) நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் குறுவை சாகுபடி செய்தேன். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் வரிசை நீண்டதால் பதினோரு நாட்கள் நெல்லைச் சாலையோரத்தில் கொட்டிக் காத்திருந்தேன். பகலில் தார்ப்பாயை விலக்கிக் காயவைப்பதும் மேகம் கறுத்தால் ஓடிப்போய் மூடுவதுமாக இருந்தும், குவியலுக்குள் கையை விட்டபோது நெல் சுட்டது; இரண்டு நாட்களில் வெள்ளை முளை தெரிந்தது. சன்ன ரகத்துக்கு 2025-26 பருவத்தில் ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. நானோ 1,700 ரூபாய்க்கு வியாபாரியிடம் கொடுத்தேன். அடுத்த போகத்தில் என்ன செய்யலாம்?

பதில் 1:
கையால் அறுத்த காலத்தில் அரி, அதாவது அறுத்துப் போட்ட கதிர், வயலிலேயே காய்ந்தது. இயந்திரம் ஒரே நாளில் அறுத்துக் கொட்டும் நெல், அந்தக் காய்ச்சல் இல்லாமல்தான் களத்துக்கு வருகிறது. கொள்முதலுக்கான ஈரப்பத வரம்போ 17 விழுக்காடு. மழை ஆண்டுகளில் மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துத் தளர்வு அளிப்பதற்குள் நெல் முளைத்துவிடுகிறது. உலர்களமும் உலர்த்தும் இயந்திரமும் கொள்முதல் நிலையத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள்.

பதில் 2:
நீங்கள் குத்தகைதாரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்பதைக் காட்டும் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் சான்றை அறுவடைக்கு முன்பே உங்கள் பெயரில் வாங்கிவிடுங்கள். நில உடைமையாளர் பெயரில் நெல் போட்டால் பணமும் அவர் வங்கிக் கணக்கிற்கே போகும்.

பதில் 3:
நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து, சம்பாப் பட்டத்தில் விளையும் தூயமல்லி என்னும் பாரம்பரிய நெல்லில் ஒரு பங்கை மட்டும் அரிசியாக்கிச் சென்னைக் குடும்பங்களுக்கு நேரடியாகக் கொடுக்கிறோம். நூறு கிலோ நெல்லுக்கு ஏறக்குறைய 65 கிலோ அரிசி கிடைக்கிறது. அரவைக் கூலி, சாக்கு, லாரி வாடகை எல்லாம் எங்கள் பொறுப்பு. இதில் உண்மையான பலன் விலை அன்று, முன்பணம். நடவின்போதே விலையைப் பேசிப் பாதித் தொகையை வாங்கிவிடுவதால், அறுத்த மறுநாளே கடனுக்காக ஈர நெல்லை விற்கும் நெருக்கடி எங்களுக்கு இல்லை. முதலாண்டில் பத்து மூட்டைக்கு மேல் இப்படி ஒதுக்காதீர்கள். மீதியைக் கொள்முதல் நிலையத்திலேயே போடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அடங்கல் நில உடைமையாளர் பெயரில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை அவரிடமே நேரில் பேசுகிறேன். முன்பணம் தந்த குடும்பங்களுக்கு, விளைச்சல் பொய்த்த ஆண்டில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள் ஐயா.