டொலர் ரேட் தானாக வரும் ஷீட்டில் அறை வாடகை 0 என்று விழுகிறது

உப்புவெளி_விடுதி:
திருகோணமலை உப்புவெளியில் உள்ள சின்ன விடுதி ஒன்றின் விலைப்பட்டியல், கூகிள் ஷீட்ஸில். ஒரு வங்கியின் நாணயமாற்றுப் பக்கத்திலிருந்து இம்போர்ட்எச்டிஎம்எல் போட்டு 3ஆவது அட்டவணையை இழுக்கிறேன். அதில் டொலர் வாங்கும் விலை உள்ள கலத்தை 45ஆல் பெருக்கினால் அறை வாடகை ரூபாவில் வரும். சில காலைகளில் என்/ஏ என்று நிற்கும். பார்க்க வடிவில்லை என்று இஃப்எரர் போட்டு, பிழை வந்தால் 0 எனக் கொடுத்தேன். போன கிழமை ஒரு முன்பதிவுக்கு 0 ரூபா என்றே பதில் போய்விட்டது. நேற்று பிழை ஒன்றும் இல்லை, ஆனால் டொலர் இடத்தில் பவுண் விலை. இதே பக்கத்தை லப்டொப்பில் எக்செல் பவர் குவெரியாலும் எடுக்கிறேன். அது நிரலைக் காணவில்லை என்கிறது. ரவுட்டர் அடிக்கடி விழுகிறது, அதனாலா?

நிரைநிரல்:
ரவுட்டர் காரணமில்லை. இம்போர்ட் போர்முலாக்கள் பக்கத்தைக் கேட்பது கூகிளின் சேர்வரிலிருந்து, உங்கள் வீட்டு லைனிலிருந்து அல்ல. எக்செல் மட்டும்தான் உங்கள் லைனால் போகும்.

முதல் வேலை அந்த 0ஐ எடுப்பது. பிழை நின்றால் ஒருவர் பார்த்துத் திருத்துவார். 0 நின்றால் அது விலையாகிவிடும். பிறகு என்/ஏ நிற்கும் கலத்தின் மேல் மவுஸை வைத்து, வரும் வசனத்தை வாசியுங்கள். பக்கத்தை எடுக்க முடியவில்லை என்றால் வங்கியின் சேர்வர் மறுத்திருக்கிறது அல்லது திணறுகிறது. முகவரியில் ஒன்றும் இல்லை என்றால் அவர்கள் லிங்கை மாற்றியிருக்கிறார்கள். வந்த உள்ளடக்கம் வெறுமை என்றால் பக்கம் திறந்தது, நீங்கள் கேட்ட இலக்க அட்டவணை அங்கே இல்லை.

இந்தக் கடைசி வகைக்கு ஒரு சோதனை. பக்கத்தை பிரவுசரில் திறந்து கன்ட்ரோல்+யூ அடியுங்கள். வரும் மூலக் கோடில் அன்றைய டொலர் எண்ணைத் தேடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற எண் அதில் இல்லையென்றால் அட்டவணையை ஜாவாஸ்கிரிப்ட் பிறகு வரைகிறது. இம்போர்ட்எச்டிஎம்எல், இம்போர்ட்எக்ஸ்எம்எல் இரண்டுக்கும் அது ஒருநாளும் தெரியாது; போர்முலாவோடு மல்லுக்கட்டாமல் வேறு பக்கம் தேடுங்கள்.

ரெஃப் என்ற பிழை வந்தால் அட்டவணை விரியும் இடத்தில் யாரோ எதையோ தட்டிவைத்திருக்கிறார்கள். இழுக்கும் அட்டவணைக்குத் தனி ஷீட் ஒன்றைக் கொடுத்து, அதில் வேறு எதையும் எழுதாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
பவுண் விலை வந்ததற்குக் காரணம், நீங்கள் கலத்தின் இடத்தை நம்பியது. மேலே ஒரு நாணயம் கூடினால் எல்லாம் ஒரு நிரை கீழே இறங்கும். டொலரின் யுஎஸ்டி என்ற குறியீட்டை விலுக்அப் போர்முலாவால் தேடுங்கள். நாலாவது இடத்தில் ஃபோல்ஸ் கட்டாயம். அதை விட்டால் போர்முலா கிட்டத்தட்டப் பொருந்துவதைத் தேடும். பட்டியல் அகரவரிசையில் இல்லாதபோது வேறு நாணயத்தைக் கூசாமல் எடுத்துத் தரும். நிரலையும் 2, 3 என்று எண்ணாமல் தலைப்பை வைத்து மட்ச்சால் கண்டுபிடியுங்கள். காசுத்தாள் வாங்கும் விலையும் தந்திமாற்று வாங்கும் விலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அவை வேறு வேறு.

எண் போலத் தெரிந்தும் பெருக்க மறுத்தால் அது எழுத்து. வெப் பக்கங்களில் இருந்து 160ஆம் இலக்க வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வரும். ட்ரிம் அதைத் தொடாது. சப்ஸ்டிடியூட்டால் அதை, அதாவது கார்(160)ஐ நீக்கி, பிறகு வல்யூ போடுங்கள்.

அடுத்தது எல்லை. புது ரேட் கடைசி நல்ல ரேட்டிலிருந்து 3 வீதத்துக்கு மேல் விலகினால் விலைப்பட்டியலுக்குள் விடாதீர்கள். ஆனால் சத்தமில்லாமல் தள்ளிவிடவும் கூடாது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டபோது 203 அளவில் நின்ற டொலர் மே மாதம் 360ஐ அண்டியது. அன்று இப்படியொரு வடிகட்டி இருந்திருந்தால் உண்மையான விலையைத்தான் தள்ளியிருக்கும். நிறுத்திவைத்து, மெயில் அனுப்பி, ஆளிடம் கேட்க வேண்டும்.

கடைசி நல்ல ரேட்டைப் போர்முலாவால் சேமிக்க நினைக்காதீர்கள், ஷீட்ஸோடு வரும் கூகிளின் அப்ஸ் ஸ்கிரிப்ட்தான் வழி. ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் தினசரி ட்ரிகர் ஒன்று வைத்து, ஸ்கிரிப்டே நேரடியாக யூஆர்எல்ஃபெட்ச்அப்பால் பக்கத்தை எடுக்கட்டும். ஷீட் மூடியிருக்கும்போது இம்போர்ட் கலத்தை வாசித்தால் 'லோடிங்' என்ற சொல்லே கிடைக்கலாம். பிழை வந்தாலும் ஸ்கிரிப்ட் நிற்காதபடி மியூட்எச்டிடிபிஎக்செப்ஷன்ஸை ட்ரூ ஆக்கி, பதில் கோட் 200 (பக்கம் சரியாகக் கிடைத்தது) தானா என்று பாருங்கள். 200 என்றால் எல்லையைச் சோதித்து, திகதியோடு ஒரு நிரையாகப் பதிவு ஷீட்டில் சேருங்கள். விலைப்பட்டியல் அந்தக் கடைசி நிரையை மட்டும் வாசிக்கட்டும். ஸ்கிரிப்டின் நேரவலயம் கொழும்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 9 மணி என்று வைத்தாலும் ட்ரிகர் 9க்கும் 10க்கும் இடையில் எப்போதாவதுதான் ஓடும்.

குவெரி_மேசை:
எக்செல் பக்கம் நான் சொல்கிறேன். நிரலைக் காணவில்லை என்பது பெரும்பாலும் 'சேஞ்ச்ட் டைப்' படியில் நிற்கும். பவர் குவெரி தானாகச் சேர்க்கும் அந்தப் படி நிரல் பெயர்களை அப்படியே எழுதிவைக்கும்; தலைப்பில் ஒரு புள்ளி மாறினாலும் போதும். அதை அழித்து, உங்களுக்குத் தேவையான 2 நிரல்களை மட்டும் தெரிந்து அவற்றுக்கு மட்டும் வகை கொடுங்கள். காணாத நிரலுக்கு 'நல்' என்ற வெறுமையை வைக்கும் மிஸ்ஸிங்ஃபீல்ட்.யூஸ்நல் போடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை: அந்த 'நல்' ஷீட்டில் வெற்றுக் கலமாக இறங்கும், வெற்றுக் கலத்தை எக்செல் 45ஆல் பெருக்கினால் 0. நீங்கள் ஓடி வந்த அதே 0.

ஒரு நிரையில் மட்டும் பிழை என்றாலும் கதை அதுதான், அந்தக் கலம் வெறுமையாக இறங்கும். பிழை எண்ணிக்கை வலப்பக்கக் குவெரிப் பட்டியலில் சின்னதாக நிற்கும். படியே விழுந்தால் பழைய அட்டவணை அப்படியே இருக்கும், பழையது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே குவெரிக்குள் டேட்டைம்.லோக்கல்நவ் என்று ஒரு நிரல் சேருங்கள். புதுப்பிப்பு வென்றால்தான் அந்த நேரம் மாறும்.

பிழையைப் பிடிக்க 'ட்ரை' போடுகிறவர்கள், பக்கத்தை எடுக்கும் வெப்.கன்டென்ட்ஸை பைனரி.பஃபருக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் பக்கம் உண்மையில் வாசிக்கப்படும் நேரம் ட்ரையைத் தாண்டிப் போய், பிழை வேறொரு படியில் வெடிக்கும். மக்ரோவால் புதுப்பித்தால் 'பின்னணிப் புதுப்பிப்பு' டிக்கை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் தரவு வருமுன்னே அடுத்த வரி ஓடும்.

உப்புவெளி_விடுதி:
கன்ட்ரோல்+யூவில் எண் இருக்கிறது. பக்கத்தின் மேலே புதிதாக ஒரு அறிவித்தல் அட்டவணை வந்திருக்கிறது, அதனால் நம்முடையது இப்போது 4ஆவது. பவர் குவெரியில் நேர நிரலும் சேர்த்து, 1 நாளைத் தாண்டினால் 'பழைய ரேட்' என்று காட்ட வைத்தேன். ஆனால் சனி, ஞாயிறு, போயாவில் (முழுநிலா விடுமுறையில்) வங்கி ரேட்டை மாற்றுவதில்லை. நேரம் புதிதாகவே நிற்கிறது, ரேட் வெள்ளிக்கிழமையுடையது.

கணக்குப்பிள்ளை:
எடுத்த நேரம் வேறு, ரேட்டின் திகதி வேறு. இரண்டையும் தனித்தனி நிரலில் வையுங்கள். பக்கத்தில் அச்சாகும் திகதியையும் இழுத்து, அதிலிருந்து இன்றுவரை வேலைநாட்களை நெட்வேர்க்டேய்ஸால் எண்ணுங்கள். மூன்றாவது இடத்தில் போயா உட்பட வருடத்தின் வங்கி விடுமுறைப் பட்டியல். அது தொடக்க நாளையும் கடைசி நாளையும் சேர்த்தே எண்ணும், இன்றைய ரேட் என்றால் 1, முந்திய வேலைநாள் என்றால் 2. ஆகவே வேலைநாட்களில் 2ஐத் தாண்டினால் சிவப்பு. திகதி 03/04 என்று வந்தால் ஷீட்டின் லொகேலை (நாட்டு அமைப்பை) ஐக்கிய இராச்சியத்துக்கு மாற்றுங்கள். அமெரிக்காவில் விட்டால் ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகி, ஒரு மாதப் பழைய ரேட் என்று வீணாகக் கத்தும்.