மலை உச்சி ரிப்பீட்டர் ராத்திரியானா செத்துடுது, அவசரம்

குன்றுமேல்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊருக்கு மலை உச்சி வழியா வைஃபை லிங்க் போட்டிருக்கோம், உச்சியில சிக்னலை வாங்கி ஊருக்குத் திருப்பி அனுப்புற ரிப்பீட்டர் இருக்கு. அஞ்சு மாசம் அருமையா ஓடுச்சு. இப்ப ராத்திரியானா கட், காலைல தானா வந்துடுது. பனி இறங்குறதால சிக்னல் போகுதுன்னு நினைக்கிறேன். பவர் கூட்டிப் பார்த்தாச்சு, ஒண்ணும் ஆகல. பசங்க பரீட்சை விண்ணப்பம் அனுப்பணும், சீக்கிரம் யாராவது சொல்லுங்க.

ஒயர்மேன்:
எத்தனை கிலோமீட்டர்? எந்த அலைவரிசை? உச்சியில கரண்டுக்கு என்ன வழி? "பவர் கூட்டினேன்"னா எந்தப் பவர்?

மூத்தவர்_5.8:
தூரத்தைக்கூடச் சொல்லாம உதவி கேக்குறாங்க, நாம ஜோசியம் பார்க்கணும். எதுவா இருந்தாலும் ஃப்ரெனல் மண்டலம்தான், அதாவது ரெண்டு ஆன்டெனாவுக்கும் நடுவுல அலை போறதுக்குக் காலியா இருக்க வேண்டிய இடம். நேர்க்கோட்டுல அந்தப் பக்கம் தெரிஞ்சா போதும்னு நினைச்சு கம்பம் நட்டுடுறாங்க. இதை இங்கேயே எத்தனை தடவை எழுதியிருக்கேன்.

புதுமுகம்77:
எனக்கும் இதே பிரச்சனை. தீர்வு கிடைச்சா சொல்லுங்க.

குன்றுமேல்:
சாரி. உச்சியிலிருந்து ஊர் 9 கிமீ, 5.8 கிகாஹெர்ட்ஸ். லிங்க் இருக்கும்போது சிக்னல் அளவு -63 டிபிஎம், ஆடாம அசையாம நிக்குது. கூட்டினது டிரான்ஸ்மிட் பவர். உச்சியில சோலார்தான்.

மூத்தவர்_5.8:
9 கிமீன்னா நடுவுல ஃப்ரெனல் ஆரம் கிட்டத்தட்ட 11 மீட்டர். அதுல 60 சதவீதம், அதாவது ஆறரை மீட்டராவது காலியா இருக்கணும். அஞ்சு மாசத்துல மரம் வளர்ந்திருக்கும். போய் வெட்டுங்க.

அலை:
அண்ணே, மரம் ராத்திரி மட்டும் வளருமா? -63 அப்படியே நிக்குதுன்னு அவரே சொல்றாரே. என் சந்தேகம் ரேடார் மேல. டிஎஃப்எஸ் சேனல்ல, அதாவது ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்ல, ரேடார் கேட்டா ரேடியோ அந்த சேனலை விட்டு ஓடிடும்.

ஒயர்மேன்:
ஓடினாலும் அடுத்த சேனல்ல ஒரு நிமிஷம் கேட்டுட்டு வந்துடும், விடியவிடிய காணாம போகாது. பனியும் இல்ல. 5 கிகாஹெர்ட்ஸ்ல பனியெல்லாம் ஒரு பொருட்டே கிடையாது. குன்றுமேல், தினமும் எத்தனை மணிக்குக் கட் ஆகுது? ஒரே நேரமா?

தாமதம்:
இந்தக் காலத்துல எதுக்குங்க கம்பமும் மலையேற்றமும்? சாட்டிலைட் தட்டு ஒண்ணு வெச்சா முடிஞ்சுது. பழைய சாட்டிலைட் 35,786 கிமீ மேல இருந்ததால பேச்சு அரை நொடி தள்ளி வரும். இப்பத்தியது சில நூறு கிமீ உயரம்தான்.

அலை:
மாசாமாசம் யார் கட்டுறது? நேபாள மலைகள்ல மகாபீர் புன் வைஃபை வெச்சுத்தானே கிராமங்களை இணைச்சார், 2007-ல மகசேசே விருது வாங்கினாரே. ஸ்பெயின்ல கட்டலோனியாவுல குய்ஃபி நெட்டுங்கிற வலைப்பின்னலும் ஜனங்களே கட்டினதுதான். ஊர்க்காரங்க கையில இருந்தா ஊர்க்காரங்களே ரிப்பேர் பார்ப்பாங்க.

தாமதம்:
பார்க்குற லட்சணம்தான் இந்த இழையிலேயே தெரியுதே.

அலை:
வெளியூர் கம்பெனி தட்டு கெட்டா மட்டும் யார் வந்து பார்ப்பா?

ஒயர்மேன்:
சண்டையை வேற இழையில வெச்சுக்கங்க. ஒண்ணு மட்டும்: அந்தத் தட்டு 50-லேருந்து 75 வாட் குடிக்கும். சோலார்ல ஓடுற ஊருக்கு அது லேசுப்பட்ட விஷயம் இல்ல.

குன்றுமேல்:
ஒரே நேரம் இல்ல. முதல்ல விடிகாலை 4 மணிக்குப் போச்சு. அப்புறம் 2, அப்புறம் 12. நேத்து பத்தரைக்கே போயிடுச்சு. காலைல ஒன்பது மணி வாக்குல வருது.

ஒயர்மேன்:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! பேட்டரி. பேனல் எத்தனை வாட், பேட்டரி கொள்ளளவு எத்தனை ஏஎச் (ஆம்பியர் அவர்)? சமீபத்துல உச்சியில புதுசா ஏதாவது மாட்டினீங்களா?

குன்றுமேல்:
100 வாட் பேனல், 12 வோல்ட் 75 ஏஎச். புதுசா எதுவும் இல்ல. போன மாசம் பள்ளிக்கூடத்துப் பக்கம் பார்த்து உச்சியில இன்னொரு ரேடியோ போட்டோம், அவ்வளவுதான்.

ஒயர்மேன்:
"அவ்வளவுதான்"! ரேடியோவுக்கு 8 வாட்னு வெச்சா, ரெண்டு ரேடியோ ஒரு நாளைக்கு 384 வாட் அவர். அஞ்சு மணி நேர நல்ல வெயில்ல பேனல் 500 குடுக்கும், விரயம் போக 400 தேறும். முன்னாடி விளிம்புல ஓடிட்டிருந்துச்சு. மூணு ரேடியோன்னா 576. தினமும் கடன்தான். பேட்டரி 11 வோல்ட் பக்கம் இறங்கினதும் சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் லோடை, அதாவது ரேடியோக்களைத் துண்டிக்கும், வெயில் ஏறி 12.6 வந்தப்புறம்தான் திரும்ப விடும். அதான் காலை ஒன்பது மணி. டிரான்ஸ்மிட் பவரைப் பழையபடி குறைங்க. பள்ளிக்கூட ரேடியோவை ராத்திரி நிறுத்த டைமர் போடுங்க. முடிஞ்சா இன்னொரு 100 வாட் பேனல். இப்படியே விட்டா லெட் ஆசிட் பேட்டரி சீக்கிரம் வீணாயிடும்.

மூத்தவர்_5.8:
பேட்டரியா இருக்கலாம். ஆனாலும் மரத்தை வெட்டிடுறது நல்லது.

(ஆறு நாள் கழித்து)

குன்றுமேல்:
மேல போய்ப் பார்த்தோம், 11.2 வோல்ட். பள்ளிக்கூட ரேடியோவுக்கு டைமர் போட்டாச்சு. அதோட கன்ட்ரோலர்ல யாரோ ஒயர் இழுத்து மூணு போன் சார்ஜ் போட்டிருந்தாங்க. மாடு மேய்க்கிற பசங்க போல. ரெண்டு ராத்திரியா கட் ஆகல. நன்றி ஒயர்மேன் அண்ணா.

ஒயர்மேன்:
அந்த ஒயரைப் பிடுங்கிப் போட்டுடாதீங்க, நாளைக்கு வேற இடத்துல குத்துவாங்க. அவங்களுக்குன்னு தனியா ஒரு சின்னப் பேனல் வெச்சுக் குடுங்க. பிடுங்கிட்டீங்களா?

புதுமுகம்77:
எனக்கு வீட்டுக் கரண்ட்லதான் ஓடுது, எனக்கும் இதே பிரச்சனை. என்ன பண்ணலாம்?