நெஸ்டிங்: கூடா, அடுக்கா, பொதிவா?

வணக்கம்.

கடல் மாதிரியாக்கத்தில் (கடலின் போக்கைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதில்) வரும் 'கிரிட் நெஸ்டிங்'குக்குத் தமிழில் 'கூட்டுவலை' என்று ஒரு பரிந்துரை, 'அடுக்குவலை' என்று இன்னொன்று. இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. சொல்லுக்குப் போகுமுன் அங்கே நடப்பது என்ன என்று பார்த்துவிடுவோம்.

கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நீரோட்டம், வெப்பநிலை, உப்புத்தன்மை எல்லாம் கணக்கிடுகிறோம். ஆழ்கடலின் பெரிய ஓட்டங்களுக்குப் பத்துக் கிலோமீட்டர் கட்டம் பரவாயில்லை. கண்டத்திட்டுக்கு (கரையை ஒட்டிய ஆழமற்ற கடலுக்கு) வந்தால் சுழல்களே சில கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும், ஆற்று முகத்துவாரமோ ஒரே கட்டத்துக்குள் காணாமல் போய்விடும். சரி, எல்லா இடத்திலும் சிறு கட்டமாகவே போட்டால் என்ன? கட்டத்தின் பக்கத்தை மூன்றில் ஒரு பங்காக்கினால் கட்டங்கள் 9 மடங்கு. காலப்படியையும், அதாவது கணக்கு ஒவ்வொரு தடவையும் முன்னே நகரும் நேர அளவையும், மூன்றில் ஒரு பங்காக்க வேண்டும் (4000 மீட்டர் ஆழத்தில் நீண்ட அலை நொடிக்கு ஏறக்குறைய 200 மீட்டர் ஓடுகிறது, ஒரு காலப்படிக்குள் அது கட்டத்தைத் தாண்டிவிட்டால் கணக்கு வெடித்துவிடும்), ஆக வேலை 27 மடங்கு. அதனால்தான் வேண்டிய இடத்தில் மட்டும் நுண்கட்ட மாதிரி ஒன்றைப் பெரியதற்குள் வைத்து, அதன் விளிம்பு மதிப்புகளைப் பெரியதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆங்கிலத்தில் நெஸ்ட் என்றால் கூடுதான், ஆனால் இங்கே பறவைக்கூடு எங்கே வருகிறது? பெட்டிக்குள் பெட்டி என்பதுதான் இதன் படிமம். அதோடு 'கூட்டு' என்றதும் படிப்பவர் மனம் இணைப்புக்குத்தான் போகும். கடலையும் வளிமண்டலத்தையும் இணைத்து ஓட்டும் மாதிரிகள் வேறு இருக்கின்றன, அவற்றுக்கு அந்தச் சொல் தேவைப்படும். 'அடுக்கு' இன்னும் மோசம். மேலிருந்து அடிவரை கடலை அடுக்குகளாகப் பிரிப்பது இதே துறையில் அன்றாட வேலை, இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிப் பாருங்கள், எழுதியவருக்கே குழம்பும். வலை என்று மட்டும் சொன்னாலோ, கடலில் வலை என்றால் மீன்தான் நினைவுக்கு வரும்! ஆகவே கிரிட் முழுதுக்கும் 'கட்டவலை', அதன் ஓர் அறைக்குக் 'கட்டம்' என்று வைத்துக்கொள்வோம்.

நெஸ்டிங்குக்கு என் பரிந்துரை 'பொதிவு'. பொருள் பொதிந்த பேச்சு என்கிறோமே, அந்தப் பொதி. எம்பெடிங்குக்கு ஏற்கெனவே உட்பொதிவு இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், இந்தத் துறையில் எம்பெடிங் என்பதையும் இதே பொருளில்தான் எழுதுகிறார்கள், மோதல் இல்லை.

கிளைச்சொற்கள் தானாக விழுகின்றன. பெரியது தாய்க் கட்டவலை, சிறியது சேய்க் கட்டவலை. தாயிலிருந்து சேய்க்கு மட்டும் தகவல் போனால் ஒருவழிப் பொதிவு. சேய் கணக்கிட்டதன் சராசரி தாய்க்குத் திரும்பி அதன் மதிப்பைத் திருத்தினால் இருவழிப் பொதிவு. மூன்றாவது நிலை வந்தால் பேரன் பேத்தி என்று போகவேண்டாம், சேய்க்குள் சேய் என்றால் போதும்.

தாய்க் கட்டம் ஒன்றின் பக்க நீளத்தில் சேயின் எத்தனை கட்டங்கள் அடங்கும் என்பதற்கு 'நுணுக்க விகிதம்'. இது பெரும்பாலும் 3 அல்லது 5. ஒற்றைப்படையாக இருந்தால் தாய்க் கட்டத்தின் நடுப்புள்ளியும் சேயின் நடுக்கட்டத்தின் நடுப்புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று விழும், மதிப்பைக் கைமாற்றுவது சுலபம். இரட்டைப்படை என்றால் தாயின் நடுப்புள்ளி சேயின் நாலு கட்டங்கள் சந்திக்கும் மூலையில் போய் நிற்கும்.

விளிம்பில் எழும் பொய்யலைகளை அடக்கப் போடும் 'ஸ்பாஞ்ச்' பகுதியைப் 'பஞ்சுப் பட்டை' என்று யாரோ எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அது பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சுவதில்லை, கணக்கில் பாகுமையைக் (நீரின் குழகுழப்பை) கூட்டி அலையைத் தணிக்கிறது. 'தணிப்புப் பட்டை' போதாதா?

ஓர் இடத்தில் மட்டும் என் சொல் எனக்கே இடிக்கிறது. புயலைப் பின்தொடரும் வளிமண்டல மாதிரிகளில் சேய்க் கட்டவலையே புயலோடு நகர்ந்து போகும். பொதிந்தது எப்படி நகரும்? 'நகர் பொதிவு' என்று எழுதிப் பார்த்தேன், ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறது. 'நகரும் சேய்' என்றால் குழந்தை தவழ்கிறது. யாருக்காவது நல்லதாகத் தோன்றினால் எழுதுங்கள்.