அப்பா கண் திறந்தார், ஆனால் பார்க்கவில்லை

அப்பாவுக்கு வீட்டிலேயே இதயம் நின்றுபோனது. நெஞ்சை அமுக்கித் துடிப்பு திரும்புவதற்குள் பத்து நிமிடம் தாண்டிவிட்டது. மூன்றாம் நாள் ஐசியூவில் கண் திறந்தார். "என்னைத்தான் பாக்குறாரு" என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அப்படித்தான் நம்பினேன். அப்புறம் உட்கார்ந்து கவனித்தேன். கருவிழி இரண்டும் சேர்ந்து மெல்ல இடது ஓரத்துக்குப் போகும், அப்படியே வலது ஓரத்துக்கு வரும், மறுபடி இடது. கட்டிலின் எந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாலும் அதே ஓட்டம். அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் வாய் வரவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா?

ஐசியூவில் நர்ஸாக இருக்கிறேன் தம்பி. ஆக்சிஜன் போகாவிட்டால் நாலைந்து நிமிடத்திலேயே மூளையின் மேலடுக்கு கெட ஆரம்பிக்கும். மூளையின் அடியில் இருக்கிற மூளைத்தண்டு அதைவிடத் தாக்குப்பிடிக்கும். பார்த்துப் புரிந்துகொள்கிற இடம் அடிபட்டு, கண்ணை அசைக்கிற இடம் தப்பியிருந்தால், கண் தானாக அலையும். நீங்கள் சொல்வதை பிங்பாங் பார்வை என்பார்கள். சிலருக்குக் கண் மெதுவாகக் கீழே இறங்கி, சட்டென்று மேலே ஏறும். மேலேயே நிலைகுத்தி நிற்பதையும் பார்த்திருக்கிறேன், அது பெரும்பாலும் நல்ல அறிகுறி இல்லை. ஆனால் கண் ஒரே பக்கமாக வெட்டி வெட்டி இழுத்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கை கால் அசையாமலே உள்ளுக்குள் வலிப்பு ஓடலாம். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற இஇஜி எடுத்தால்தான் தெரியும், அதற்கு மருந்தும் உண்டு.

நர்ஸ் சொன்ன மாதிரி, என் அக்காவுக்கும் முதலில் வெறும் கண் அலைச்சல்தான். பிசியோதெரபி செய்ய வந்தவர், முகத்துக்கு நேரே கைக்கண்ணாடியைப் பிடித்து மெதுவாக நகர்த்தச் சொன்னார். வேறு பொருளைத் தொடராத கண்கூடத் தன் முகத்தைத் தொடரலாமாம். அக்கா தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது செய்யாதே, நன்றாக விழித்திருக்கும்போது செய் என்றார். தினமும் செய்தேன். ஏழு வாரம் ஒன்றுமில்லை. ஒரு நாள் காலை, தலை துவட்டிவிட்டுக் கண்ணாடியை வலப்பக்கம் கொண்டுபோனேன், கண் கூடவே வந்தது. என் கை நடுங்கியது. கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து இடப்பக்கம் நகர்த்தினேன். அதற்கும் வந்தது. வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டினேன், அவரும் வந்து செய்து பார்த்துக் குறித்துக்கொண்டார். அக்காவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. கண்ணாடி தலைமாட்டிலேயே இருக்கிறது.